அண்ணியின் டர்போ வண்டி

அன்று என் ஷெட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். என் அண்ணன் இருந்தார். வாசலில் ஸ்டூலைப் போட்டு, உள்ளே பார்க்காமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாரமங்கலம் ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, சிரிப்பதற்காகவே வந்திருந்தார். அண்ணி இருந்தார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன். உள்ளே இருந்தது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின் இல்லை.

கார் ரொம்பச் சின்னது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். ஒரு காலத்தில் சம்பளக்காரர்கள் முதன்முதலில் வாங்கியது இதைத்தான். தகரம் மெல்லியது, கதவைச் சாத்தினால் டப்பா மூடுகிற சத்தம் வரும். அதற்குள் நான் இறக்கி வைத்திருந்தது இரண்டு பிஸ்டன் டீசல் இன்ஜின், டர்போ வைத்தது. பின்பக்கம் லாரி மோதி நசுங்கிப்போன வேறொரு காரிலிருந்து எடுத்தது. அண்ணி சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. இரண்டே பிஸ்டன் என்பதால் உதறல் அதிகம். கார் முழுக்க நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணியின் வளையல்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

“ஏனுங்க அக்கா, கோழிக்குக் காளைக் கொம்பு கட்டி உட்டாப்பல இருக்குதுங்க” என்றார் ஜீப்காரர்.

“முட்டுனாத் தெரியும்ங்க. முன்னால வந்து நில்லுங்க” என்றார் அண்ணி.

அவர் நிற்கவில்லை. அண்ணன் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஆறாவதோடு நின்றவன். எழுதுகிற பழக்கம் இல்லை. இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். ஊரில் இதை ஒரு பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். மளிகைக் கடைக்காரம்மாவுக்கு வேகம் பிடித்துவிட்டது, மெக்கானிக் கொழுந்தனும் கூடச் சேர்ந்து காரைக் கெடுத்துவிட்டான் என்கிறார்கள். வேகத்துக்காகச் செய்த வேலை இல்லை அது. எங்கள் ஊர்ப் பாதையில் இருக்கிற கும்பிடு ஏத்தத்தில் அந்த வண்டி இரண்டாவது கியரைத் தாண்டிப் போனதே இல்லை.

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில், தலைச்சோலைக்கும் அந்தப் பக்கம். பஸ் எங்களைத் தார் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஒரு எஸ்டேட்டுக்குள் நுழைந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காப்பிச் செடிகளை ஒட்டிப் போக வேண்டும். பாதை எஸ்டேட்டுடையது என்று எஸ்டேட் சொல்லும். எஸ்டேட் வருவதற்கு முன்பே நடந்த பாதை என்று நாங்கள் சொல்வோம். முழுசாக அடைக்க அவர்களால் முடியாது. காப்பிப் பழம் பறிக்கிற ஆட்கள் எங்கள் ஊரிலிருந்துதான் இறங்கி வர வேண்டும். அதனால் ஒரு வேலை செய்தார்கள். நுழைகிற இடத்தில் இரண்டு பக்கமும் கருங்கல் தூண் நட்டார்கள். ஜீப் நுழையாது, பிக்கப் நுழையாது. ஆள் நடக்கலாம், பைக் போகலாம். சின்னக் கார் என்றால் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு மெதுவாக நுழையலாம். இதனால்தான் வேறு வண்டி வாங்குகிற பேச்சே எங்களுக்கு இல்லை. பெரிய வண்டிக்கு இன்ஜின் இருந்தது, அகலமும் இருந்தது. எங்கள் வண்டி அகலம் சரி. இன்ஜின்தான் இல்லை.

தூணைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கும்பிடு ஏத்தம். சிமெண்டுப் பாதைதான், ஆனால் சுவரில் ஏறுகிற மாதிரி இருக்கும். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்துதான் ஏற வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் மலையைக் கும்பிட்டுக்கொண்டு போகிற மாதிரி தெரியும். கார் வந்த பிறகும் அந்தக் கும்பிடு போகவில்லை. ஆள் ஏறிய சின்னக் கார் அதில் ஏறாது. பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடும், கிளட்ச் தீயும். அதனால் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. ஏத்தத்தின் அடியில் கார் மெதுவாகும்போதே உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்துவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் இறங்கி நடப்பார்கள், டிரைவர் மட்டும் காலி வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்திக் காத்திருப்பார். மேலே வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். வயதானவர்கள், காய்ச்சல்காரர்கள், எல்லோரும்தான். இதை ஒரு கஷ்டம் என்று ஊரில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. மழை பெய்தால் நனைவது போல அதுவும் ஒன்று.

கார் அண்ணனுடையது. சேலத்தில் பழையதாக வாங்கிய நாளிலிருந்து அதற்குத் துணி போட்டுத் துடைப்பது அவருக்கு ஒரு வேலை. சர்க்கரை நோயில் அவருக்குக் கண் மங்கியது. ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் அவர்களுக்கு ஒரு மளிகைக் கடை. கடைக்குச் சரக்கு ஏற்ற வண்டி வேண்டும். அண்ணி கிளியூரில் எஸ்டேட் வேலைக்காரர்கள் வீட்டில் பிறந்தவர். சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினார். கடைச் சரக்கோடு ஊர் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வருவார். ஏத்தத்தின் அடியில் ஆட்கள் இறங்குவார்கள், இவர் காலி வண்டியோடு மேலே போவார். இவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாள் நான் அங்கே இல்லை. அண்ணி சொல்லித்தான் தெரியும். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த ஒரு பெண் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். தையல் இன்னும் ஆறவில்லை. ஏத்தத்தின் அடியில் வண்டி மெதுவானதும் அவளே கதவைத் திறந்து, பிள்ளையோடு இறங்கிவிட்டாள். வேண்டாம் என்று அண்ணி சொல்லவில்லை. சொல்லியும் பயன் இல்லை, அவளை வைத்துக்கொண்டு வண்டி ஏறாது. அண்ணி மேலே போய் நின்று கீழே பார்த்தார். அவள் முழங்காலில் ஒரு கை ஊன்றி, இன்னொரு கையில் பிள்ளையைப் பிடித்து ஏறி வந்தாள். வந்து சீட்டில் உட்கார்ந்தபோது சேலையில் ரத்தம்.

மறுநாள் காலையில் அண்ணி என் ஷெட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“காலி வண்டி மேல நிக்குது. பச்சை உடம்புக்காரி கீழ நடக்குறா. இதுக்குப் பேரு காரா தம்பி?” என்றார்.

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“இனிமே என்ற வண்டில ஏறுனவங்க மேலதான் இறங்கோணும். அதுக்கு என்ன பண்ணோணும், சொல்லுங்க.”

இன்ஜினை மாற்ற வேண்டும் என்றேன். சின்ன வண்டி, எடை கம்மி, அதற்கு இழுவை மட்டும் வேண்டும். டர்போ இன்ஜின் என்றால் நடக்கும். டர்போ என்றால் என்ன என்று கேட்டார். இன்ஜின் வெளியே விடுகிற புகை சும்மாதான் போகிறது, அது ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும், காற்று கூடினால் பலம் கூடும் என்றேன். 

“வீணாப் போற மூச்சையே புடிச்சு வேலை வாங்குதா? நொம்ப நல்லதுங்க. வெச்சுருங்க” என்றார்.

சட்டப்படி கூடாது என்றும் சொன்னேன். கம்பெனி வைத்த இன்ஜினை எடுத்துவிட்டு வேறு ரக இன்ஜின் வைத்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதைச் சொல்லாமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். தெரிந்தே செய்தோம்.

சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு பேரும் சுற்றினோம். நசுங்கிய காரிலிருந்து இன்ஜினை மட்டும் எடுத்தால் போதாது. அதன் கியர்பாக்ஸ், ஒயர் எல்லாம், மீட்டர், சாவி, கம்ப்யூட்டர் பெட்டி, எதை விட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. எல்லாவற்றையும் எடுத்தேன். பழைய பெட்ரோல் இன்ஜினை இரண்டு பேர் கையாலேயே தூக்கி இறக்கினோம். புதியதை இறக்கச் சங்கிலி போட்டுத் தூக்குகிற செயின் பிளாக் வேண்டியிருந்தது. தாங்குகிற பட்டைகளை நானே வெட்டி வெல்டிங் வைத்தேன். ஆக்சில் இரண்டையும் சேலத்தில் கடைசல் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்தேன். முன் ஸ்பிரிங்கைக் கெட்டியாக மாற்றினேன். முன்பக்கம் எடை கூடியதால் பிரேக்கும் கூட வேண்டும். பழைய வண்டியில் மிதிக்குப் பலம் கூட்டுகிற பிரேக் பூஸ்டர் கிடையாது, காலில் இருக்கிற பலம்தான். அந்த நசுங்கிய காரின் பூஸ்டரையும் எடுத்து வைத்தேன். அது இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இதை அண்ணியிடம் சொன்னேன். சரி என்றார்.

வேலை நடந்த நாளெல்லாம் கடையை அண்ணன் பார்த்துக்கொண்டார், அண்ணி என்னோடு ஷெட்டில் இருந்தார். ஒயர் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, வண்ணம் பார்த்துக் கட்டிவைப்பார். அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். நிறைய வேலை நடந்தது. அண்ணன் மட்டும் ஒரு தடவை வந்து, தன் காரின் முன்பக்கத் தகரத்தை நான் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “கசாப்புக் கடை மாதிரி இருக்குது” என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்து அவர் வந்தது ஸ்டார்ட் செய்த அன்றுதான். ஏன் வந்தார் என்று தெரியவில்லை. ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று வந்தாரோ என்னவோ.

முதல் நாள் ஏத்தத்துக்குப் போனபோது நானும் வண்டியில் இருந்தேன். முன் சீட்டில் நான். பின்னால் காப்பி பறித்துவிட்டு வந்த மூன்று பெண்கள். டர்போவுக்கு ஒரு குணம் உண்டு. மிதித்தவுடன் இழுக்காது. ஒரு மூச்சு தாமதித்து, பிறகுதான் தள்ளும். அண்ணி ஏத்தத்தின் அடியில் கியர் மாற்றி மிதித்தார். அந்த ஒரு மூச்சு நேரம் சத்தம் தணிந்தது. சத்தம் தணிந்தால் இறங்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் காலுக்கே தெரியும். பின்னால் இரண்டு கதவும் திறந்துகொண்டன. ஒருத்தி ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். அதே நேரம் டர்போ பிடித்தது. வண்டி ஒரு தள்ளு தள்ளி ஏறியது.

“ஐயோ அக்கா, காலு! காலு வெளிய இருக்குதுங்க!”

“உள்ள இழுடீ! உன்னை எவ இறங்கச் சொன்னா?”

“நீங்க சொல்லாட்டி என்னங்க, நாங்க எப்பவும் இறங்கறதுதானே!”

“இனி இறங்குனீன்னா ஊடு வரைக்கும் நடந்தே போ. ஏத்த மாட்டேன்!”

கதவு இரண்டும் காக்கையின் இறக்கை மாதிரி அடித்துக்கொள்ள, வண்டி கும்பிடு ஏத்தத்தை ஏறி முடித்தது. மேலே போய் நின்றது. உதறலில் எல்லோருக்கும் பல் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி, தன் செருப்பு ஒன்று கீழே விழுந்துவிட்டது, நடந்துபோய் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அண்ணி அவளை இறங்க விடவில்லை. எல்லோரையும் உள்ளேயே வைத்து வண்டியைத் திருப்பினார். கீழே போனார். செருப்பை நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி ஏறினார். ஒரு ரப்பர் செருப்புக்காக ஏத்தத்தில் இரண்டாம் தடவை. அண்ணி முகத்தில் சிரிப்பு இல்லை. கழுத்து நரம்பு மட்டும் விடைத்திருந்தது. அன்று அவர் செருப்புக்காக ஏறவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அரிசி மூட்டை, மிளகு மூட்டை, ஆட்கள், எல்லாம் ஏறின. பழக்கம் மட்டும் லேசில் போகவில்லை. நீண்ட நாள் வரைக்கும் யாராவது ஒருவர் அடியில் கதவைத் திறப்பார், அண்ணி திட்டுவார்.

பழக்கம் ஆட்களுக்கு மட்டும் இல்லை, அண்ணிக்கும் இருந்தது. மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ளதுதான். ஏறும்போது எரிகிற எண்ணெயை இறங்கும்போது மிச்சம் பிடிப்பார்கள். உச்சியில் இன்ஜினை ஆப் பண்ணிவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவார்கள். அண்ணனும் அப்படித்தான் ஓட்டினார். அண்ணி அவரிடம்தான் கற்றுக்கொண்டார். பழைய வண்டியில் ஒன்றும் ஆகாது. பிரேக் காலில் இருந்தது. புதிய பிரேக் இன்ஜினில் இருந்தது. நான் சொன்னது அவர் காதில் ஏறியது, கைக்கு ஏறவில்லை. ஒரு நாள் காலையில் மிளகு மூட்டையோடு தனியாக இறங்கியவர், யோசனையில்லாமல் சாவியைத் திருப்பிவிட்டார். இரண்டு மூன்று மிதிக்குப் பிரேக் இருந்தது. அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிட்டது. தூண் வரைக்கும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார். தூணுக்கு நடுவே நேராக நுழைக்க முடியவில்லை. இடது பக்கத் தூணில் மோதியது. தூண் சாய்ந்து விழுந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அண்ணி மிளகு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. எஸ்டேட் மேனேஜர் நின்று கத்திக்கொண்டிருந்தார். இந்த மாதிரி வண்டியை ஓட்ட விட்டால் நாளைக்கு ஆள் சாகும் என்றார். ஜீப்காரரும் வந்திருந்தார். அண்ணன் கண் தெரியாமல் தடவித் தடவி ஏத்தம் இறங்கி வந்தார். வந்ததும், “அந்தச் சனியனப் பிடுங்கிப் போட்டுட்டு பழைய இன்ஜினையே வைடா” என்று என்னிடம் சொன்னார்.

அண்ணி எழுந்தார். “இன்ஜின் மேல பழி போடாதீங்க. ஆப் பண்ணுனது நானு. பிடுங்கோணும்னா என்ற கையப் பிடுங்குங்க” என்றார்.

“கையி அப்படியே பழகிருச்சுங்களே அக்கா, என்ன பண்ணுவீங்க?” என்றார் ஜீப்காரர். அன்று அவர் கேலியாகக் கேட்கவில்லை.

“பழக்குன கைய மறுபடி பழக்குவேன். அதுக்காக அவங்களை நடக்க உடமாட்டேன்.”

நசுங்கிய முன்பக்கத்தை நான் தட்டிச் சரிபண்ணினேன். அதற்குப் பிறகு வண்டியில் ஒரு புது வழக்கம் வந்தது. இறங்கும்போது சத்தம் நின்றால் எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும் என்று அண்ணி உத்தரவு போட்டார். ஊர்க்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணி சாவிப் பக்கம் கை கொண்டுபோனால் போதும், முகத்தைத் துடைக்கத்தான் தூக்கினார் என்றாலும், “கையி! கையி!” என்று பின் சீட்டு முழுக்கக் கத்தும். அண்ணியைத் திட்டுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. யாரும் விடவில்லை. புது இன்ஜின் வைத்த பிறகு அண்ணி அதை ஆப் பண்ணி இறங்கியது அந்த ஒரு தடவைதான்.

தூணை எஸ்டேட்டில் உடனே மறுபடி நட்டுவிட்டார்கள், சிமெண்டு போட்டு, முன்னைவிடக் கெட்டியாக. கூடவே புகாரும் போனது. ஒரு நாள் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து நிதானமாகப் பார்த்தார். வெல்டிங்கை விரலால் தடவினார். வேலை யாருடையது என்றார். என்னுடையது என்றேன். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

“இது யார் பாதை?”

“எஸ்டேட் பாதை சார்.”

“பொதுப் பாதைன்னா சொல்லுங்க. வண்டியை இப்பவே பிடிச்சுட்டுப் போறேன். ஆனா பொதுப் பாதையில கல் நட்டிருக்குன்னும் சேர்த்து எழுதணும். எஸ்டேட்டோட சொந்தப் பாதைன்னா எனக்கு இங்க வேலை இல்ல. எது?”

மேனேஜர் தூணைப் பார்த்தார். புதுச் சிமெண்டு இன்னும் வெளுக்காமல் கறுப்பாக இருந்தது.

“சொந்தப் பாதைதான் சார்” என்றார்.

இன்ஸ்பெக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க பண்ணினது சரின்னு நான் சொல்லலை. இந்த வண்டிக்கு இனிமே பேப்பர் கிடையாது. ஆர்.சி.யை நீங்களே கொண்டுவந்து ஒப்படைச்சுடணும். தார் ரோட்டுல ஒரு சக்கரம் பட்டாலும் எங்க ஆபீஸ் வாசல்லதான் நிக்கும். புரியுதா?”

“புரியுதுங்க” என்றார் அண்ணி. “தார் ரோட்டுல ஏத்தம் இல்லீங்களே. அங்க எனக்கு என்ன வேலை?”

இன்ஸ்பெக்டர் போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்து, “நம்பர் பலகையக் கழட்டுங்க தம்பி” என்றார். கழற்றினேன். பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு அப்போதுதான் பொறுக்கவில்லை.

“என்ற வண்டிய அநாதையாக்கிட்டியே. நாளைக்கு வித்தா யாரு வாங்குவாங்க? சேலத்துக்குப் போவ முடியுமா?”

“போவ முடியாதுங்க” என்றார் அண்ணி. “நம்பரா ஏறுது? வண்டிதானுங்க ஏறுது.”

அண்ணன் பலகையை என் கையிலிருந்து வாங்கி, துண்டால் துடைத்து, அக்குளில் வைத்துக்கொண்டு ஏத்தத்தில் ஏறினார். வண்டியில் ஏறவில்லை. நடந்தே போனார். அண்ணி அவர் பின்னாலேயே, அவர் நடக்கிற வேகத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த இன்ஜின் சத்தத்தையும் உதறலையும் கேட்டுக்கொண்டே அவர் முழுத் தூரமும் நடந்தார். அதற்குப் பிறகு பல மாதம் அவர் அந்த வண்டியில் ஏறவே இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். வண்டிப் பேச்சு மட்டும் இல்லை. எப்போது மறுபடி ஏறினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் போனபோது முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை.

அதன் பிறகு வண்டி என் ஷெட்டுக்கு வரவில்லை. தார் ரோட்டைத் தாண்டாமல் வர முடியாது. சாமானை எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். வண்டியின் உலகம் தூணிலிருந்து ஊர் வரைக்கும்தான். அதற்குள்ளேயே வருடக்கணக்கில் ஓடியது. சேலத்துச் சரக்கை அண்ணி பஸ்ஸில் கொண்டுவந்து தூணருகே இறக்கி ஏற்றிக்கொள்வார். சுமைதான். ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

இப்போது அந்த எஸ்டேட்டில் பாதி ரிசார்ட் ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் பெரிய பெரிய கார்களில் வருகிறார்கள். தூணைப் பார்த்ததும் நிறுத்தி, பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். என் ஷெட்டுக்கும் சில பேர் வருகிறார்கள். சின்னக் காருக்கு டர்போ வைக்க முடியுமா, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். முடியாது என்று அனுப்பிவிடுவேன். யாருக்காக என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. அண்ணியிடம் இருந்தது. சட்டம் தெரிந்த ஒருவர், நீ செய்தது குற்றம் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். ஆமாம் என்றேன். வருத்தம் உண்டா என்றார். அந்த ஏத்தத்தில் ஒரு தடவை நடந்துவிட்டு வந்து கேளுங்கள் என்றேன்.

போன தை மாதம் அண்ணிக்கு நெஞ்சு வலி வந்தது. வண்டியில் தூண் வரைக்கும் நான் கொண்டுவந்தேன். அங்கிருந்து ஜீப்காரர் தன் ஜீப்பில் ஏற்காட்டுக்கும், பிறகு சேலத்துக்கும் கொண்டுபோனார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

மதியம் ஆம்புலன்ஸ் தூணருகே வந்து நின்றது. அதற்கு மேல் நுழையாது. ஊர் ஆட்கள் மூங்கில் வெட்டிப் பாடை கட்டி வைத்துக் காத்திருந்தார்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஏத்தம் ஏறுவதுதான் வழக்கம். நான் மேலே போய் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

“கார்ல கொண்டு போற வழக்கம் இல்லீங்க சாமி. நாலு பேரு தோள்ல போனாத்தான் மரியாதை.”

“அண்ணி வண்டில ஏறுனவங்க மேலதான் இறங்கோணும்ங்க” என்றேன். “அண்ணிக்கு மட்டும் வேறயா?”

“ஊரு பேசுமுங்க.”

“பேசட்டும்ங்க.”

யாரும் நகரவில்லை. பிறகு அண்ணன் பேசினார். ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது.

“பாடையப் பிரிங்க” என்றார். “அவ ஒருத்தரையும் நடக்க உடலை. அவளை எவனும் தூக்க வேண்டாம். வண்டில வை.”

வைத்தோம். பின் சீட்டில் நடுவில் அண்ணி, இரண்டு பக்கமும் அவருடைய தங்கைகள் தோளைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். முன் சீட்டில் அண்ணன். அவர் தனியாக உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவார் என்று ஜீப்காரரும் அதே சீட்டில் ஒண்டிக்கொண்டு அவரைப் பிடித்தார். நான் ஓட்டினேன். ஏத்தத்தின் அடியில் கியர் மாற்றி மிதித்தேன். சத்தம் ஒரு மூச்சு தணிந்தது. யார் கையும் கதவுக்குப் போகவில்லை. பிறகு டர்போ பிடித்தது. வளையல் சத்தம் இல்லை, உதறல் மட்டும் இருந்தது. பாடைக்காரர்கள் வெறும் மூங்கிலோடு பின்னால் நடந்து வந்தார்கள்.

மேலே போய் நிறுத்தினேன். இன்ஜினை ஆப் பண்ணவில்லை. திரும்பிப் பார்த்தேன். அண்ணியோடு சேர்த்து, கீழே ஏறிய ஆறு பேரும் வண்டிக்குள்தான் இருந்தோம்.